தெல்லிப்பழை ஆஸ்பத்திரியும் நமது வெற்றிலைப் பையும்



சென்ற வருடம் கிளிநொச்சியில் இருக்கும் என் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு தெல்லிப்பழைக்குப் போய்வந்தேன். 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. உங்களில் பலருக்கும் அந்தப் பக்கம் சொந்தக்காரர் இருப்பார்கள். சித்தப்பாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இடது கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண். எட்டு மாதமாக இருந்ததாம். கடையில் வாங்கிய களிம்பைப் பூசிக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறார். சோற்றை மென்று விழுங்க முடியாமல் போன பிறகுதான் வீட்டில் தெரிய வந்தது.

அங்கே ஒரு நேர்ஸ், “இது எத்தினை மாதமா இருக்குது ஐயா? ஏன் முதலே வந்து காட்டேல்லை?” என்று கேட்டார். சித்தப்பா சொன்ன பதில் இது: “வலிக்கலையேம்மா.”

இந்த இதழில் அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் அதற்கு முன் அந்த ஆஸ்பத்திரி எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அதுவும் நமக்கு ஒரு பாடம்தான்.

தெல்லிப்பழை என்றால் துர்க்கை அம்மன் கோயில் உள்ள ஊர் என்று பலருக்குத் தெரியும். யாழ்ப்பாணம் டவுனிலிருந்து காங்கேசன்துறைக்குப் போகிற வீதியில் இருக்கிறது. 1990இல் யுத்தத்தால் வலிகாமம் வடக்குச் சனங்கள் வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்து, வருடக்கணக்காகத் திரும்பி வர முடியாமல் இருந்த பகுதி அது. அப்படிப்பட்ட இடத்தில் இன்று வட மாகாணம் முழுவதற்கும் பயன்படுகிற புற்றுநோய் வைத்தியசாலை நிற்கிறது. மன்னார், முல்லைத்தீவு, வவுனியாவிலிருந்தும் பஸ் ஏறி வருகிறார்கள். அதைக் கட்டியது அரசாங்கப் பணம் மட்டும் அல்ல. ஒரு கம்பனி மட்டும் கட்டியதும் அல்ல.

2011ஆம் வருடம் ஜூலை மாதம் நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவ என்ற இருவர் தெற்கே தெவுந்தரை முனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரைக்கும் நடந்தார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். இருவரும் ஆடைத் தொழிற்துறையில் பெரிய பொறுப்பில் இருந்தவர்கள். 670 கிலோமீட்டர் தூரத்தை 27 நாளில் நடந்து முடித்தார்கள். யுத்தம் முடிந்து 2 வருடம்தான் ஆகியிருந்தது. வழிநெடுகச் சனங்கள் சேர்ந்து நடந்தார்கள். சிலர் ஒரு நாள் நடந்தார்கள், சிலர் ஊர் எல்லை வரைக்கும் நடந்தார்கள். கம்பனிகளும் கொடுத்தன, தனி ஆட்களும் கொடுத்தார்கள், வெளிநாட்டில் இருப்பவர்களும் அனுப்பினார்கள். 20 லட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் சேர்ந்தது. ‘கலர்ஸ் ஒப் கரேஜ்’ என்ற ட்ரஸ்ட் அந்தப் பணத்தைப் பொறுப்பெடுத்துக் கட்டிடத்தைக் கட்டியது. 2013இல் வைத்தியசாலை திறக்கப்பட்டது. அந்த நடைக்கு வைத்த ‘ட்ரெயில்’ என்ற பெயராலேயே இன்றும் அதைச் சொல்கிறார்கள். பின்னர் 2016இல் எதிர்ப்பக்கமாக, பருத்தித்துறையிலிருந்து தெவுந்தரைக்கு நடந்து, காலி கராப்பிட்டிய வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு கட்டுவதற்குப் பணம் சேர்த்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விசயம் ஒன்று இருக்கிறது. கட்டிடம் சனங்களின் காசு. ஆனால் உள்ளே வேலை செய்கிற டொக்டர், நேர்ஸ், மருந்து, சாப்பாடு, லைட் பில் எல்லாம் அரசாங்கம். நோயாளி ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை. கட்டிடம் ஒருதரம் கட்டினால் போதும். சம்பளம் மாதாமாதம் கொடுக்க வேண்டும், மருந்து ஒவ்வொரு நாளும் வேண்டும், மெஷின் பழுதானால் திருத்த வேண்டும். தனியார் கொடுத்துவிட்டுப் போன பல பொருள்கள், அதற்குப் பிறகு பார்க்க ஆளில்லாமல் துருப்பிடித்துக் கிடப்பதை நாமே கண்டிருக்கிறோம். ஆகவே அரசும் தனியாரும் சேர்ந்து செய்வது என்று யாராவது மேடையில் பேசினால், நான் முதலில் கேட்பது, ‘திறப்பு விழாவுக்கு மறுநாள் யார் பொறுப்பு?’ என்பதுதான். தெல்லிப்பழையில் அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது.

யாழ்ப்பாணத்துக்கு இது புதிய பழக்கமும் இல்லை. இன்றைய யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, 1850இல் டைக் துரை என்ற அரசாங்க ஏஜண்டின் முயற்சியால், ‘பிரண்ட் இன் நீட்’ என்ற தரும சங்கம் நடத்திய ஆஸ்பத்திரியாகத் தொடங்கியது. நன்கொடையில் நடந்தது. 1907இல் அரசாங்கம் பொறுப்பேற்றது.

நமது மலைநாட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். அது அவ்வளவு அழகான கதை இல்லை.

நமது பாட்டன் பூட்டன் காலத்தில் தோட்டங்களில் பெரிய நோய் கொக்கிப்புழு. கக்கூஸ் இல்லாமல் வெளியே போன மண்ணில் வெறுங்காலோடு நடந்தால், அந்தப் புழு காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கும். ஆள் வெளிறிப் போவார், மலையேற முடியாது, கர்ப்பிணிகள் படாதபாடு பட்டார்கள். 1916இல் மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் ஒரு பெரிய வேலையைத் தொடங்கியது. அந்த நிறுவனமும், அரசாங்கமும், தோட்டத் துரைமாரும் கூட்டாகச் செய்த வேலை. எனக்குத் தெரிந்தவரை தோட்டச் சுகாதாரத்தில் அரசும் தனியாரும் கை சேர்த்த முதல் பெரிய முயற்சி அதுதான்.

மருந்து கொடுத்தார்கள். புழு விழுந்தது. ஆனால் லயத்துக்கு லயம் கக்கூஸ் கட்டுவது என்று வந்தபோது செலவு பார்த்துத் தோட்டங்கள் தயங்கின. மருந்து குடித்த ஆள் மறுபடி அதே மண்ணில் நடந்தார். மறுபடி புழு. மருந்துச் செலவைப் பங்குபோடத் தயாராக இருந்தவர்கள், நோய் திரும்பி வராமல் இருப்பதற்கான செலவுக்குப் பின்வாங்கினார்கள். தொழிலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுச் செய்த வேலையாகவும் அது இருக்கவில்லை.

1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டபோது, நலன் வேலைகளுக்காக அரசு, கம்பனி, தொழிற்சங்கம் மூன்றும் உட்காரக்கூடிய ட்ரஸ்ட் முறை வந்தது. முன்பு மேசையில் இல்லாத ஆளுக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது என்று சொல்லலாம். நாற்காலி கிடைத்தது வேறு, பேசுவது வேறு. அதை இன்னொரு இதழில் பார்ப்போம்.

இப்போது சித்தப்பாவின் ‘வலிக்கலையேம்மா’வுக்கு வருவோம்.

நமது நாட்டில் ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முன்னணியில் இருப்பது வாய்ப் புற்றுநோய். தோட்டங்களில் பெண்களும் ஆண்களுக்குச் சமமாக வெற்றிலை போடுகிறபடியால் நாம் இரு பாலாரும் பயப்பட வேண்டியவர்கள். ஏன் வருகிறது? புகையிலை ஒரு காரணம். அது பலருக்குத் தெரியும். பலருக்குத் தெரியாதது பாக்கு. ‘நான் பொயிலை சேர்க்கிறதில்லீங்க, வெறும் வெத்தலை பாக்குத்தான்’ என்று எத்தனையோ அக்காமார் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை இல்லாத வெற்றிலைக் கூட்டும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. பாக்கே குற்றவாளி. சுண்ணாம்பு அதற்குத் துணைபோகிறது. புகையிலையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடுகிறது.

அந்தப் புகையிலை எங்கேயிருந்து வருகிறது? யாழ்ப்பாணப் புகையிலை என்றால் தோட்டத்தில் தனி மரியாதை. வலிகாமத்துச் செம்மண்ணில் கிணற்றுத் தண்ணீர் இறைத்து, குழந்தையைப் போல வளர்த்த பயிர் அது. ஒரு காலத்தில் திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. மலைநாட்டுக்கும் வந்தது. அதே வலிகாமத்தில்தான் அந்தப் புற்றுநோய் வைத்தியசாலையும் இருக்கிறது. சித்தப்பா அங்கே வாங்கில் உட்கார்ந்திருந்தபோது மடியில் வெற்றிலைப் பை இருந்தது. நான் அதைப் பிடுங்கவில்லை. அறுபது வருடப் பழக்கம். அவரே நேர்ஸ் கேட்ட பிறகு அதை எடுத்து என் கையில் கொடுத்தார்.

வெற்றிலை போடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. மழையிலும் பனியிலும் மலையில் நிற்கிறவர்களுக்குப் பசி தெரியாமல் இருக்க, சளைக்காமல் இருக்க, பக்கத்து நிரையில் நிற்கிறவரோடு பேச்சுக் கொடுக்க அது உதவுகிறது. கல்யாணத்துக்கு, திருவிழாவுக்கு வெற்றிலை வைத்து அழைப்பது நமது முறை. தட்டில் வைக்கிற வெற்றிலையால் யாருக்கும் நோய் வராது. வாயில் அடக்கி வைக்கிறதுதான் விசயம். இரவில் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், அதை மட்டுமாவது இன்றைக்கே விடுங்கள். இளைஞர்களுக்கு இன்னொன்று: புகையிலை கலந்து பக்கற்றில் வரும் பாபுல், மாவா போன்ற சாமான்களை விற்பது 2016ஆம் ஆண்டிலிருந்து சட்டப்படி தடை. ஒளித்து விற்பவரிடம் வாங்குகிறீர்கள் என்றால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

வாய்ப் புற்றுநோய் திடீரென்று வருவதில்லை. பெரும்பாலும் வருடக்கணக்காக முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறது. அந்த அறிவிப்பு வலிக்காது. அதுதான் அதன் சூழ்ச்சி. பல் வலித்தால் மறுநாளே டிஸ்பென்சரிக்கு ஓடுகிறோம். வலிக்காத வெள்ளைத் திட்டை யார் பார்க்கிறார்கள்?

பார்க்கும் முறை இதுதான். நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். வாயைக் கொப்பளித்து, கட்டுப் பல் இருந்தால் கழற்றி விடுங்கள். உதட்டைப் புரட்டிப் பாருங்கள். கன்னத்தை விரலால் ஒதுக்கி இரண்டு பக்கமும் பாருங்கள், முக்கியமாக வெற்றிலையை அடக்கும் பக்கம். நாக்கை நீட்டி அதன் இரு ஓரங்களையும், பிறகு நாக்கைத் தூக்கி அடிப்பக்கத்தையும் பாருங்கள். மேலண்ணத்தையும் மறக்க வேண்டாம். தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் துணி போன்ற சிவப்புத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், காரணமில்லாத தடிப்பு அல்லது கட்டி, இவற்றில் ஏதாவது இருந்தால் காட்ட வேண்டும். கொச்சிக்காய் பட்டால் முன்பில்லாத எரிச்சல் இருந்தாலும் காட்ட வேண்டும். இன்னொரு சோதனை: உங்கள் மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் வையுங்கள். போகவில்லை என்றால் கன்னத்துத் தோல் இறுகத் தொடங்கியிருக்கலாம். இது பாக்குப் போடுகிறவர்களுக்கு வருகிற இறுக்கம். இறுகியது பழையபடி இளகாது, பாக்கை விட்டால் மேலும் இறுகுவதைக் குறைக்கலாம். வெள்ளைத் திட்டு சிலருக்கு வெற்றிலையை விட்ட பிறகு மங்கி மறைவதும் உண்டு. ஆனால் அது எந்தத் திட்டு என்று சொல்ல வேண்டியது டொக்டர், நாமில்லை.

வயதானவர்களுக்குக் கண் தெரியாது. மகளோ மருமகளோ டோர்ச் லைட் அடித்துப் பார்க்கலாம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. கேரளாவில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில், டொக்டர் அல்லாத, பயிற்சி பெற்ற ஆட்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். 2005இல் முடிவு வெளிவந்தது. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோயால் ஏற்படும் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒரு டோர்ச் லைட்டால் இவ்வளவு.

நமது நாட்டிலும், அதற்கும் முன்பே, மத்திய மாகாணத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். 1984இல் வெளியான அந்த ஆய்வில், மருத்துவிச்சிமார் போன்ற ஆரம்ப சுகாதார ஊழியர்கள் ஒரு வருடத்துக்குள் ஆயிரக்கணக்கான கிராமத்தவர்களின் வாயைப் பார்த்தார்கள். சந்தேகமானவர்களைச் சரியாகவே கண்டுபிடித்தார்கள். ஆனால் ‘மேலே போய்க் காட்டுங்கள்’ என்று அனுப்பியவர்களில் பாதிக்குச் சற்றுக் கூடுதலானவர்கள்தான் போனார்கள். மற்றவர்கள் போகவேயில்லை.

ஏன் போகவில்லை? அந்தக் கேள்விக்கு நான் தோட்டத்தில் தினமும் பதில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் டிவிஷனில் ஒரு அக்காவுக்கு நாக்கு ஓரத்தில் திட்டு. டவுன் ஆஸ்பத்திரியில் பல் வைத்தியரிடம் காட்டச் சொல்லித் துண்டு கொடுத்தோம். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் துண்டு அப்படியே சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. “போனா ஒரு நாள் பேர் போயிருங்கய்யா. பஸ்சுக்கு வேற காசு. அங்க போனா நாளைக்கு வாங்கிறாங்க, நாளைக்கும் ஒரு பேர் போயிரும்” என்றார். கணக்குச் சரிதான். அவரைத் திட்டுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. ஆஸ்பத்திரி இலவசம், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போவது இலவசம் இல்லை.

தெல்லிப்பழையிலும் மகரகமவிலும் கண்டியிலும் எவ்வளவு நல்ல டொக்டர்மார் இருந்தாலும், இந்தத் துண்டு சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கும்வரை அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. இங்கேதான் கம்பனியின் பங்கு வருகிறது என்று நான் நினைக்கிறேன். கோடிக் கணக்கில் கட்டிடம் கட்டச் சொல்லவில்லை. துண்டு கிடைத்த ஆளுக்கு அந்த ஒரு நாள் பேரைக் கொடுங்கள், தோட்ட வாகனத்தில் ஆறேழு பேரைச் சேர்த்து ஒரே தடவையில் அனுப்புங்கள். அவ்வளவுதான். கம்பனிக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முப்பது வருடம் பழகிய ஒரு கை மலையை விட்டுப் போனால் அந்தக் கைக்குப் பதில் கை இன்று எங்கே கிடைக்கிறது? இளசுகள் எல்லாம் கொழும்புக்குப் போய்விட்டார்கள். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

அரசாங்கத்தின் பங்கு, போன அன்றே பார்த்து அனுப்புவது. தோட்டத்திலிருந்து ஒரு வாகனத்தில் வருகிறோம் என்று முன்கூட்டியே அறிவித்தால் பல் வைத்தியப் பிரிவுகளில் பெரும்பாலும் ஒத்துழைக்கிறார்கள். என் அனுபவம் அப்படி. அறிவிக்காமல் போய்க் கூட்டத்தில் நின்றுவிட்டுத் திரும்பி வந்த அனுபவமும் உண்டு, அது என் பிழை. தொழிற்சங்கத் தலைவர்மாரிடமும் ஒரு வேண்டுகோள்: சம்பளப் பேச்சுவார்த்தையில் இந்த ஒரு நாள் பேரையும் ஒரு வரியாக எழுதி வையுங்கள்.

சித்தப்பாவின் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். சிகிச்சை நடக்கிறது. கிளிநொச்சியிலிருந்து போய் வருகிறார். டொக்டர் என்னிடம், ‘ஆறு மாதம் முந்தி வந்திருந்தால் வைத்தியம் லேசாக இருந்திருக்கும்’ என்றார். வெற்றிலைப் பை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கேட்கவில்லை.

எங்கள் டிவிஷனில் பிள்ளை மடுவத்தில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். வாயில் ஏதாவது சந்தேகம் இருப்பவர்கள் பிள்ளையை விட வரும்போது பொறுப்பாளரிடம் பெயரைச் சொன்னால் எழுதிக்கொள்வார். ஆம்பிளைகள் வெட்கப்பட்டால் பிரட்டுக் களத்தில் என்னிடம் தனியாகச் சொல்லலாம். மாதத்துக்கு ஒரு தடவை பெயர்களைச் சேர்த்து ஒப்பீசில் கொடுத்து வாகனம் கேட்கிறோம். முதல் மாதம் வாகனம் கிடைத்தது, அரைப் பேரும் கிடைத்தது. முழுப் பேருக்காகப் பெரிய துரையிடம் மறுபடி கடிதம் கொடுத்திருக்கிறேன். நாக்கில் திட்டு இருந்த அக்கா அந்த முதல் வாகனத்தில் போனார். சதைத் துண்டு எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரவில்லை. மற்றத் தோட்டங்களில் இப்படிக் கொப்பி வைக்க விரும்பும் நலன் உத்தியோகத்தர்கள், எப்படிக் கோடு போட்டிருக்கிறோம் என்று பார்க்க வந்தால் காட்டுகிறேன்.